ஆயிரம் காகிதக் கொக்கு: மடித்தாயிற்று, கோர்ப்பது எப்படி?

ஜூன் 8, 2024 (ஒரு வாசகர் கேட்டது)

மகள் பள்ளியில் ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாளுக்கு ஆயிரம் காகிதக் கொக்குச் சரம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மடிக்கிற வீடியோ ஏகப்பட்டது கிடைக்கிறது. கோர்ப்பதைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. நாங்கள் கோர்த்துப் பார்த்தால் ஒன்று கிழக்கே பார்க்கிறது, ஒன்று மேற்கே பார்க்கிறது, நடுநடுவே இடைவெளி விழுகிறது. ஜப்பானில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். இன்னொன்று, 644-ல் நிறுத்திக்கொண்டால் என்ன? ஹிரோஷிமா அணுகுண்டுக்குப் பிறகு நோயில் இறந்த சிறுமி சடாகோவே அவ்வளவுதானே மடித்தாள்.

ஜூன் 8, இரவு

நாகோயாவில் இருக்கிறேன். மகன் உயர்நிலைப் பள்ளி பேஸ்பால் அணியில் இருக்கிறான். கோடைப் போட்டிக்கு முன்னால் பெற்றோர்கள் கூடிச் சென்பஸுரு (இந்த ஆயிரம் கொக்குச் சரத்துக்கு இங்கே அதுதான் பெயர்) செய்வது வழக்கம், அதனால் இந்த மாதம் முழுக்க எங்கள் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. 644 விஷயம் சிக்கலானது, அப்புறம் எழுதுகிறேன். முதலில் கோர்ப்பு.

நீங்கள் கொக்கின் முதுகை உப்ப வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு சிறகையும் பிடித்து இழுத்து, வயிற்று ஓட்டையில் ஊதி, முதுகைத் தட்டையாக்குவது மேசையில் நிற்கிற கொக்குக்கு. சரத்தில் போகிறதற்கு ஊதவே வேண்டாம். முதுகு கூராகவே இருக்கட்டும், சிறகை லேசாகப் பிரித்தால் போதும். அப்போதுதான் மேலே வருவதன் வயிறு கீழே இருப்பதன் இரண்டு சிறகுக்கும் நடுவில் போய் உட்காரும். இடைவெளி தானாகப் போய்விடும்.

ஊசி வயிற்று ஓட்டையில் நுழைந்து முதுகின் கூர்முனையில் வெளியே வர வேண்டும். நட்டநடு. ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கொக்கு சாய்ந்து தொங்கும், ஒன்று சாய்ந்தால் மேலே உள்ளதெல்லாம் சாயும். கீழிருந்து மேலே கோர்த்துக்கொண்டு போங்கள். நூல் நுனியில் முதலில் ஒரு மணி, அல்லது பொத்தான், அல்லது சின்னச் சதுர அட்டை. அந்தத் தடுப்பு இல்லாவிட்டால் மொத்தச் சரத்தின் எடையும் அடிக்கொக்கின் வயிற்றில் இறங்கி, முடிச்சு அதைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

கிழக்கு மேற்கு விஷயம்: அலகு மடிக்காதவரை கழுத்தும் வாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், எது எது என்று தெரியாது. ஆகவே அலகை மடித்துவிட்டு, எல்லா அலகையும் ஒரே பக்கம் வைத்து அடுக்கி, அதற்குப் பிறகு ஊசியை எடுங்கள். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தால் திரும்பிப் போவது நிச்சயம். பூ கோர்க்கிறவர்கள் காம்பெல்லாம் ஒரு பக்கமாக முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்வார்களே, அதே வேலைதான்.

ஜூன் 9

நூல் பற்றிச் சொல்ல மறந்துவிட்டது. சாதாரண தையல் நூல் ஒற்றையாகப் போட்டால் தாளை அறுக்கும். இரட்டையாகப் போடுங்கள். மீன் தூண்டில் நரம்பு வேண்டாம். பலமானதுதான், ஆனால் முடிச்சு வழுக்கும். மேலே கட்டுவதற்கு ஒரு சாண் நூலாவது மிச்சம் விடுங்கள், ஒன்றரைச் சாண் என்றால் இன்னும் நல்லது.

சரம் எத்தனை? பொதுவாக 40 கொக்கு வீதம் 25 சரம். 50 வீதம் 20 சரமும் செய்கிறார்கள். 100 வீதம் 10 செய்தால் நீளமாகப் போய், மாட்ட இடம் இருக்காது.

ஜூன் 12

"இவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கணக்குப் போடுவோம். பழகிய கை ஒரு கொக்குக்கு 2 நிமிடம் எடுக்கும் என்று வைத்தால் ஆயிரத்துக்கு 33 மணி நேரம் சொச்சம். ஒரே ஆள் செய்தால் தண்டனை. இருபது பேர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் மடிப்பு முடிந்துவிடும். இங்கே அப்படித்தான் செய்கிறோம், பாதி நேரம் பயிற்சியாளரைப் பற்றிய புரணிதான்.

எடையும் கேட்டிருந்தார்கள். 7.5 செ.மீ. சதுரத் தாள் 1000 என்றால் மொத்தப் பரப்பு 5.6 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 60 கிராம் தாள் என்றால் 340 கிராம் சுமார். அரைக் கிலோகூட இல்லை. 15 செ.மீ. தாளில் மடித்தால் அதே ஆயிரம் 1350 கிராம் ஆகிவிடும், அளவை இரட்டிப்பாக்கினால் எடை நாலு மடங்கு. அதனால்தான் சரத்துக்கு 7.5 என்கிறார்கள். 5 செ.மீ. தாளும் கடையில் கிடைக்கும், என் விரலுக்கு அது சரிப்படாது.

ஜூன் 16

சரி, 644.

அந்த எண் 1977-ல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறுவர் நூலிலிருந்து வந்தது. அதில் சடாகோ 644 மடித்ததும் இறந்துவிடுகிறாள், மிச்சத்தை வகுப்புத் தோழர்கள் மடித்து அவளோடு அடக்கம் செய்கிறார்கள். படிப்பவர் அழுவதற்கு அது வசதி. ஆனால் ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகமும் சரி, அவளுடைய அண்ணன் மசாஹிரோ சசாகியும் சரி, அவள் ஆயிரத்தைத் தாண்டினாள், தாண்டிய பிறகும் மடித்துக்கொண்டேதான் இருந்தாள் என்கிறார்கள்.

நடந்தது இது. சடாகோ சசாகி 1943 ஜனவரியில் பிறந்தவள். குண்டு விழுந்த 1945 ஆகஸ்ட் 6 அன்று அவளுக்கு இரண்டு வயது, வீடு வெடிப்பு மையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். காயம் இல்லை. நன்றாக ஓடி விளையாடி வளர்ந்தாள், ஓட்டப் பந்தயத்தில் கெட்டிக்காரி. 1955 பிப்ரவரியில் ரத்தப் புற்றுநோய் என்று செஞ்சிலுவை மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆகஸ்டில் வெளியூர் மாணவர்கள் நோயாளிகளுக்கு அனுப்பிய காகிதக் கொக்குகள் மருத்துவமனைக்கு வந்தன. அதைப் பார்த்துத்தான் ஆரம்பித்தாள். மருந்து சுற்றி வந்த தாள், பரிசுப் பொருள் சுற்றிய தாள் என்று கிடைத்ததிலெல்லாம் மடித்தாள். அக்டோபர் 25 அன்று இறந்தாள், 12 வயது.

அந்தக் கொக்குகளை அனுப்பியது எந்த ஊர் மாணவர்கள் தெரியுமா? நாகோயா. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு இது போன வருஷம்தான் தெரிந்தது, இங்கே யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுகூட இல்லை.

644-ஐ விட உண்மை எனக்குக் கனமாக இருக்கிறது. ஆயிரம் முடிந்தது, உடம்பு சரியாகவில்லை, அப்படியும் அவள் நிறுத்தவில்லை. பிந்தைய கொக்குகள் இன்னும் சின்னதாகிக்கொண்டே போயின, ஊசி முனையால் மடிக்க வேண்டிய அளவுக்கு. அருங்காட்சியகத்தில் பார்த்தேன், கண்ணாடிக்குக் கிட்டே போனால்தான் மடிப்பு தெரியும்.

ஆகவே 644-ல் நிறுத்த விரும்பினால் தாராளமாக நிறுத்துங்கள், அவளைச் சாக்குச் சொல்லாதீர்கள்.

ஜூன் 17

மேலே கடைசி வரி கொஞ்சம் காரமாக வந்துவிட்டது. உங்கள் மகளுக்கு விரல் வலித்தால் 644 என்ன, 64-லும் நிறுத்தலாம். யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எங்கள் குழுவில் ஒரு பையனின் அம்மா மட்டும் எண்ணுகிறார். வங்கியில் வேலை.

ஜூன் 23

அலகு பற்றி எழுதியதற்கு ஒருவர், "நோயாளிக்குக் கொடுப்பதில் அலகு மடிக்கக் கூடாதாமே?" என்று கேட்டார். ஆமாம், அப்படி ஒரு பழக்கம் உண்டு. தலை தொங்குவது போல இருக்கிறது, நோயாளிக்கு ஆகாது என்று கழுத்தை நேராகவே விட்டுவிடுவார்கள். மடித்துத்தான் கொடுப்போம் என்பவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். முதலில் இதை வீண் சம்பிரதாயம் என்று நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. படுக்கையில் இருப்பவருக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? ஆயிரம் தலை குனிந்திருப்பதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தால் யாருக்கும் என்னவோ போலத்தான் இருக்கும்.

வேலை மிச்சம் என்பது இன்னொரு லாபம். ஆயிரம் அலகு குறைகிறது. கூடவே கழுத்து எது, வால் எது என்பதும் போய்விடும், எந்தப் பக்கம் வைத்தாலும் சரி. கிழக்கு மேற்குப் பிரச்சினைக்கே இதைவிடச் சுலபமான வழி கிடையாது, பேஸ்பால் அணிக்கு மட்டும் இது எடுபடாது, அலகு கூர்மையாக இருக்க வேண்டும் என்று பையன்களே கேட்கிறார்கள்.

ஜூன் 24

கழுத்து நசுங்குகிறது என்று புகைப்படம் போட்டவருக்கு: கழுத்தும் வாலும் ஆகப்போகிற இரண்டு கால்களையும் ஒடுக்கும்போது ஓரத்தை நடுக்கோட்டோடு சரியாக ஒட்டி மடிக்கிறீர்கள். ஒரு மயிரிழை விட்டு மடியுங்கள். உள்மடிப்பாகத் திருப்பும்போது தாளின் தடிமனுக்கு அந்த இடம் வேண்டும்.

ஜூன் 30

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். "இந்த ஆயிரம் கொக்கு வழக்கமே சடாகோவுக்குப் பிறகு வந்ததுதானே" என்று ஒருவர் அடித்துச் சொன்னார். இல்லை. கொக்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பத்தாயிரம் ஆண்டு ஆயுள் என்பது இங்கே பழைய சொலவடை. 1797-ல் கியோத்தோவில் 'ஹிடென் சென்பஸுரு ஒரிகாட்டா' என்று ஒரு புத்தகம் வந்தது, விளையாட்டாகச் செய்கிற ஒரிகாமிக்கு (காகித மடிப்புக்கு) நமக்குத் தெரிந்த மிகப் பழைய புத்தகம். அதில் நூலே கிடையாது! ஒரே தாளை வெட்டி, மூலைகளில் மட்டும் துளி வெட்டாமல் ஒட்டாக விட்டு, அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாக மடித்தால் கொக்குகள் அலகோடு அலகு, சிறகோடு சிறகு ஒட்டியபடியே வரும். 49 வடிவம் இருக்கிறது. இரண்டு கொக்கு சிறகு சேர்ந்தது, பெரிய கொக்கைச் சுற்றிக் குஞ்சுகள், இப்படி.

உருவாக்கியவர் கிடோ என்ற பௌத்தத் துறவி, குவானா ஊரின் சோயென்ஜி கோயில். குவானா நாகோயாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த ஊர் இதைத் தன் கலைச்சொத்தாக அறிவித்து இன்றும் சொல்லித்தருகிறது. போய்ப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் முயன்றேன். ஜோடிக் கொக்கு வந்தது. நாலு கொக்கில் ஒட்டு பிய்ந்தது. கடைத் தாள் தாங்காது, கோஸோ மரப்பட்டை நாரில் செய்த வாஷி (ஜப்பானியக் காகிதம்) வேண்டும். நார் நீளம், அதனால் இரண்டு மில்லிமீட்டர் ஒட்டிலும் நிற்கும். நிற்கும் என்றால், குவானாக்காரர்கள் கையில் நிற்கும்.

ஊசி நூலே வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள், பள்ளி தொடங்கி முடிந்துவிடும்.

ஜூலை 2

ஹவாயில் இருக்கும் ஒருவர் எழுதியிருந்தார்: அங்கே ஜப்பானிய வம்சாவளிக் கல்யாணங்களில் 1001 தங்க நிறக் கொக்கு மடித்து, குடும்பச் சின்ன வடிவில் பலகையில் ஒட்டிச் சட்டம் போடுவார்களாம். மேலே ஒன்று அதிர்ஷ்டத்துக்கு. மொய்யில் ஒரு ரூபாய் சேர்க்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜூலை 13

கோடைப் போட்டியில் தோற்றுவிட்டோம். அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை.

சரம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் தோற்ற அணித் தலைவன் ஜெயித்த அணித் தலைவனிடம் தன் சென்பஸுருவைக் கொடுப்பான். எங்களுக்கும் சேர்த்து கோஷியெனுக்கு (உயர்நிலைப் பள்ளிகளின் தேசிய பேஸ்பால் போட்டி) போ என்று அர்த்தம். அவர்கள் அடுத்த ஆட்டத்தில் தோற்றால் தங்களுடையதையும் எங்களுடையதையும் சேர்த்து அடுத்தவரிடம். நாகோயா இருக்கிற ஐச்சியைப் போல, பள்ளிகள் நிறைந்த மாகாணத்தில் கடைசியில் ஜெயிக்கும் பள்ளிக்கு எவ்வளவு சேரும் என்று யோசியுங்கள், அவர்கள் அதை எங்கே வைப்பார்கள் என்றும் யோசியுங்கள்.

வரிசையில் நின்று கொடுத்ததைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. நாற்பது நாற்பதாக அடுக்கி, மஞ்சளிலிருந்து ஆரஞ்சு, சிவப்பு, ஊதா, நீலம், பச்சை என்று நிறம் இறங்க வைத்தது நாங்கள், எதிர் அணிப் பையன் அதை மட்டைப் பையோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டு போகிறான். என் பக்கத்தில் இருந்த அம்மா (எண்ணுகிற அம்மாதான்) மெல்லச் சொன்னார்: "998 தான் இருந்தது, இரண்டு அறுந்து விழுந்துவிட்டது." இத்தனை நாள் சொல்லவே இல்லை பாருங்கள்.

ஜூலை 20

சியாட்டிலில் இருந்த சடாகோ சிலையை இந்த மாதம் திருடிவிட்டார்கள், கணுக்காலோடு அறுத்து. 1990-இல் வைத்த வெண்கலச் சிலை, கை நீட்டிக் கொக்கு பிடித்தபடி நிற்கும், மக்கள் அதன் மேல் சரங்களைப் போடுவார்கள். 2003-லும் ஒருமுறை கையை வெட்டினார்கள். வெண்கலத்துக்கு விலை உண்டு, வேறு காரணம் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அதே 2003 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் ஒன்று நடந்தது. ஒரு கல்லூரி மாணவர் சிறுவர் அமைதி நினைவுச் சின்னத்தில் வைத்திருந்த சரங்களுக்குத் தீ வைத்தார். சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் கொக்கு சாம்பல். கேட்டதும் நாடு முழுவதும் ஆட்கள் மடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜூலை 28

நீளமான குறிப்பு, வேண்டாதவர் தாண்டிப் போகலாம்.

"நல்ல எண்ணத்தோடு அனுப்பினால் யார் வேண்டாம் என்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஜப்பானியர்களே வேண்டாம் என்கிறார்கள். 2016 குமாமோட்டோ நிலநடுக்கத்தின்போது முகாமுக்கு அனுப்ப வேண்டாத பொருள்கள் என்று சுற்றிய பட்டியல்களில் சென்பஸுருவும் இருந்தது. 2022-ல் உக்ரைனுக்குக் கொக்கு அனுப்புவது பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அலைகிறவன் கையில் அரைக் கிலோ தாளைக் கொடுத்தால் அவன் எங்கே மாட்டுவான்? தூக்கிப் போடவும் முடியாது, யாரோ நமக்காக மடித்தது என்று மனம் கேட்காது. அது அன்பளிப்பு இல்லை, பாரம்.

மருத்துவமனையும் அப்படித்தான். எங்கள் குழுவில் ஒரு பையன் முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்தபோது சரம் கட்டிக்கொண்டு போனோம், தொற்று வரும் என்று வார்டுக்குள் விடவில்லை. பூவையும் இங்கே பல இடத்தில் விடுவதில்லை. ஆயிரம் மடிப்பிலும் தூசி சேரும், துடைக்க முடியாது, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கடைசியில் அது அவர்கள் வீட்டு வரவேற்பறையில் தொங்கியது, அவன் அம்மாவுக்குத்தான் அது ஆறுதல். நினைத்துப் பார்த்தால் சடாகோவுக்கு ஆயிரம் கொக்கை யாரும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை, அவளே மடித்தாள். கையில் வேலை இருந்தது. நாம் கதையைத் திருப்பிப் போட்டு, மடிக்கிற வேலையை நாம் எடுத்துக்கொண்டு தூசியை நோயாளிக்குக் கொடுக்கிறோம்.

அதனால் இப்போதெல்லாம் யாராவது படுத்தால் தாள் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறேன். வேண்டுமென்றால் மடிப்பார்கள், இல்லாவிட்டால் கணக்கு எழுதுவார்கள்.

ஆகஸ்ட் 3

முடித்துவிட்டோம், பள்ளியில் மாட்டுவதைவிட ஹிரோஷிமாவுக்கே அனுப்பலாமா என்று முதலில் கேட்டவர் கேட்கிறார். தபாலிலும் வாங்குகிறார்கள், அனுப்பலாம். ஆனால் அங்கே என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

அந்த நினைவுச் சின்னம் 1958 மே 5-ல் திறந்தது. 9 மீட்டர் உயரம், உச்சியில் கொக்கைத் தூக்கிப் பிடித்த சிறுமி. சடாகோவின் வகுப்புத் தோழர்கள் ஆரம்பித்த வசூலில் 3000-க்கும் மேற்பட்ட பள்ளிகள் பணம் கொடுத்தன. இப்போது வருஷத்துக்குச் சுமார் ஒரு கோடி கொக்கு வருகிறது, எடை 10 டன்னுக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு ஒரு கிராம், ஆகவே வருவதில் பெரிய தாளும் நிறைய இருக்கிறது (ஜூன் 12 கணக்கைப் பாருங்கள்). கண்ணாடிக் கூண்டுகளில் கொஞ்ச நாள் தொங்கும், அப்புறம் எடுத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் அடுத்ததற்கு இடம் ஏது? முன்பு எரித்தார்கள். பிறகு ஒரு மேயர் எல்லாவற்றையும் சேர்த்துவைக்கச் சொன்னார், கிடங்கு நிரம்பியது. 2012-க்குப் பிறகு மறுசுழற்சிக்கும், கேட்பவர்களுக்குக் கொடுப்பதற்கும் விட்டார்கள். நோட்டு, அஞ்சலட்டை, விசிறி என்று அந்தத் தாளில் செய்து விற்கிறார்கள்.

மறுசுழற்சி என்றால் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு சரத்திலும் நூலை உருவி, மணியைக் கழற்றி, பளபளப்புத் தாளைத் தனியாகப் பிரிக்க வேண்டும். நீங்கள் கோர்த்த அதே வேலை, பின்னாலிருந்து.

அதனால் அனுப்புவதாக இருந்தால் மணியைக் கழற்றிவிட்டு அட்டைச் சதுரம் போடுங்கள். ஜரிகைத் தாள் கொக்குகளைப் பிரித்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பசை வேண்டாம், ஸ்டேப்ளர் வேண்டவே வேண்டாம்.

ஆகஸ்ட் 4

சிக்கல் பற்றி: சரங்களைக் கட்டாகப் பெட்டியில் போட்டால் போய்ச் சேரும்போது நூல் ஒன்றோடு ஒன்று பின்னியிருக்கும், 25-ஐயும் பிரிக்க அரை நாள். ஒவ்வொரு சரத்தையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் உருட்டி, மேல் நூலைத் தாளுக்கு வெளியே விட்டு நாடா ஒட்டுங்கள். மேலே மொத்தமாகக் கட்டுகிற முடிச்சைப் போய்ச் சேர்கிற இடத்தில் போட்டுக்கொள்ளட்டும். பள்ளியிலேயே மாட்டுவதென்றால் மின்விசிறிக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம்.

ஆகஸ்ட் 5

998 விஷயத்தை மகனிடம் சொன்னேன். அவன் மடித்த இரண்டு கொக்கு ஆரம்பத்திலேயே பந்துப் பைக்குள் விழுந்து நசுங்கியதாம், யாரிடமும் சொல்லவில்லையாம். ஆக அறுந்து விழவில்லை, அந்த அம்மாவின் எண்ணிக்கை மட்டும் சரி. எண்ணிக்கை தெரியாதவர்கள் அடுத்த வருஷமும் புரணி பேசலாம், அவரை எண்ணுவதற்கு வைத்துக்கொள்வோம்.